ஒரு பல் தள்ளி

மாப்ள,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கீழே நின்றபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. அதில்கூட உன் மீசை என்னுடையதைவிட எடுப்பாக இருந்தது. கே.கே. நகரே திரண்டு வந்திருந்தது. நான் செத்தால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று தலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று உதிரிபாகக் கடையில் யாரோ கார்பரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை அடித்துப் பார்த்தார்கள். கண் கலங்கிவிட்டது. நெடிதான் காரணம் என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

நீயும் என்னைப்போல ஆபீஸில் ஃபைல் தள்ளியவன்தான். ஆனாலும் தெருவில் யார் வண்டி இருமினாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கார் நின்ற இடத்தில் குலுங்கியபோது ஸ்கேனரை மாட்டி, அது பழுது என்று காட்டிய கேம் சென்சார் என்ற பாகத்தை இரண்டு முறை மாற்றினேன். குலுக்கல் நிற்கவில்லை. நீ லுங்கியோடு வந்தாய். ஓடும் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைச் சுற்றி ஸ்ப்ரே அடித்தாய். ஒரு வளைவில் அடித்ததும் சத்தம் மாறியது.

"இந்தா, இங்கனதான் காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது" என்று விரிசலைக் காட்டினாய். என் மனைவி முதல் டம்ளர் டீயை உன்னிடம் நீட்டி, "அண்ணே வந்தாத்தான் இந்த வீட்ல வண்டி ஓடுது" என்றாள். எனக்கு ஆறின டீ.

அன்றிலிருந்து ஒரே லட்சியம்: அவள் கண்ணெதிரே உன்னை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும்.

வாய்த்தது. வண்டியூர் போய்வரும் வழியில் கார் இழுக்க மறுத்தது. எங்கள் வீட்டு வாசலில் நீ அரை டப்பா ஸ்ப்ரேயைத் தீர்த்தாய். சத்தம் எங்கேயும் மாறவில்லை. நான் கொட்டாவி விட்டபடி, "டைமிங் பெல்ட்டப் பாரு மாப்ள. ஒரு பல்லு தள்ளி இருக்கும்" என்றேன். மூடியைக் கழற்றினோம். பெல்ட் சுற்றும் கேம் சக்கரத்தில் இருந்த கோடு எஞ்சின் கோட்டுக்கு நேராக நிற்காமல், கச்சிதமாக ஒரு பல் தள்ளி நின்றது. வால்வுகள் திறக்கும் நேரமே தப்பியிருந்தது.

நீ என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு அவளுக்குக் கேட்கும்படி, "செயிச்சிட்ட மாப்ள. எம்புட்டு பாத்தும் எனக்குத் தட்டுப்படல" என்றாய். முதல் டம்ளர் என் கைக்கு வந்தது.

அந்தச் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது தெருவில் வண்டி இருமினால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போய், உன்னை ஜெயித்த கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, ஒரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அந்த பெல்ட்டை அதற்கு முந்தின வாரம் வீடியோ பார்த்து மாட்டியவன் நான்தான்.