முந்தித் துளிர்த்தவை

பிப்ரவரி 3, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, புல்லில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. உறைபனி விழவில்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஏமாற்றம் வந்தது. இத்தனை வருடம் நாற்றங்காலில் வேலை பார்த்தவள் நினைக்கிற நினைப்பா இது?

போன கோடையில் என் நாற்றுகள் கருகின. இந்த மலை மரங்களின் விதை. இப்போது அடிக்கிற வெயில் அவற்றுக்குப் புதிது. கல்லூரியில் எனக்கு இளையவள், இங்கே நேற்று வந்தவள் — அவள் அதே மரத்தின் விதையைக் கீழ்க்காட்டிலிருந்து, சூட்டுக்குப் பழகிய இடத்திலிருந்து, கொண்டுவந்தாள். அவளுடையவை ஜம்மென்று நின்றன. உறைபனிதான் அவற்றுக்குப் பழக்கமில்லை. தீயில் எரிந்த சரிவு முழுக்க அவள் நாற்றுதான் என்று இப்போதே பேச்சு.

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான், அக்கா." வாய்க்கு வாய் அக்கா. பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

சில நாளாகவே கோடை மாதிரி வெயில். அவள் பாத்திகளைக் கடந்து போனேன். நாற்றுகள் துளிர்விட்டிருந்தன! கீழ்க்காட்டுப் பிறவிகள், கொஞ்சம் சூடு கண்டதும் குளிர்காலம் முடிந்ததென்று நம்பிவிட்டன. என்னுடையவற்றில் பிழைத்தவை இன்னும் மொட்டுகளை இறுக மூடிக்கொண்டு தூங்குகின்றன. இங்கே மாதக் கடைசி வரை உறைபனி விழும். வைக்கோல் போர்த்து என்று சொன்னால் போதும். ஒரே வாக்கியம்.

அவளே எதிரே வந்தாள். "என்னக்கா, பலமான யோசனை?"

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கப் போறேன்."

சாப்பிடும்போது இவர், "அந்தப் பொண்ணு பேட்டியை ரேடியோல கேட்டேன். என்னமா பேசுறா!" என்றார்.

"அப்ப நாளைக்கு அவளையே சமைச்சுப் போடச் சொல்லுங்க."

மகள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது, காற்றே இல்லை. இன்று ராத்திரி உறைபனி நிச்சயம். இப்போதுகூட ஒரு போன் போதும். போன் சமையலறையில் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

விழுந்துவிட்டது.

துளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. அவள் மண்ணில் மண்டியிட்டு, ஒவ்வொரு தண்டாக நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீறினேன். பாதிக்கு மேல் பழுப்பு.

"துளிர் வந்ததும் ஆசை ஆசையா போட்டோ வேற எடுத்தேங்கா. முட்டாள் நான். நீங்க பார்த்திருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க."

தலையை ஆட்டினேன். ஆமா, சொல்லியிருப்பேன்னு தலையாட்டினேன்! அடிப்பாவி.

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவும் செய்தது, ஒரு மிடறு. அப்புறம் வாயெல்லாம் கசப்பு.

பிப்ரவரி 11, செவ்வாய்

வனத்துறை அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார்: "சரிவு முழுக்க உங்க நாற்றையே வச்சிடலாம்மா. வெளி விதையை நம்பினது தப்பு. திங்கக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்."

கேட்கத் தவமிருந்த வார்த்தை. "சரிங்க சார்" என்றேன். அடுத்த கோடையில் அவை என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே இது பழக்கமாகிவிட்டதா?

பிப்ரவரி 13, வியாழன்

தனியாகச் சரிவில் ஏறினேன். கரிந்த அடிமரங்கள், காலடியில் சாம்பல். பள்ளத்தில் குளிர் தேங்கி நிற்கிறது. அங்கே என் நாற்று பிழைக்கும். மேலே பாறை முகடு அடுப்பு மாதிரி. அங்கே குளிர் தங்காமல் இறங்கிவிடும், அவளுடையவைதான் தாங்கும். எவ்வளவு பொறாமைப்பட்டாலும் முகட்டில் என் நாற்று நிற்கப்போவதில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் அவளிடம் போய், அந்தத் துளிரை நானும் பார்த்தேன், தெரிந்தேதான் பேசாமல் போனேன் என்று சொல்லப்போகிறேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவள் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டாள். போகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.