சுப்பிங் வெயிலில் பிளாஸ்டிக் கூரை

மாதா துணை

ரிங்லெட்,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ராய்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மலைக் குளிரில் நானும் உன் அம்மாவும் சளியோடும் முழங்கால் வலியோடும் மாதாவின் தயவால் நன்றாகவே இருக்கிறோம். அங்கே பெர்லிஸில் நீயும் மருமகள் ரூபினியும் சுப்பிங் வெயிலில் கருகிப் போகாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபம் சொல்கிறோம், அதாவது உன் அம்மா ஆரோக்கியம்மாள் சொல்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் மட்டும் போடுகிறேன். ஒரு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை, நான் அனுப்பும் செய்திக்கு நீல டிக் கூட விழுவதில்லை, அதனால்தான் இந்தப் பேனாவும் தாளும். கடைசியாக நான் எழுதிய கடிதம் உன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதியது, அதன் பலனை அவள் இன்னும் அனுபவிக்கிறாள்.

முதலில் ஊர்ச் செய்தி. மூன்று வாரமாக விடாத மழை, தானா ராத்தா போகிற பாதையில் மண் சரிந்து பஸ் அரை நாள் நின்றது. பக்கத்து வீட்டுத் தவமலருக்குப் புதுப் பல்செட் வந்துவிட்டது, சிரித்தால் எஸ்டேட் லயன் வீடுகள் மாதிரி ஒரே உயரத்தில் வெள்ளையடித்து வரிசையாக நிற்கிறது. இதை அவளிடமே சொன்னேன், இப்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள். என் நாக்கு இப்படித்தான், உனக்குத் தெரியாததா. எனக்கும் கடவுள் குறை வைக்கவில்லை, தொப்பை இவ்வளவு தூரம் வந்துவிட்டது, முதலாளி தவுக்கேயின் தோட்டத்தில் பாத்திக்கு நடுவே நான் நடந்தால் வயிறு முதலில் போய்க் குடைமிளகாயை உதிர்த்துவிட்டு எனக்கு வழி விடுகிறது. முப்பது வருடம் தக்காளிக்குக் கயிறு கட்டி மருந்தடித்து, ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆன மனிதன், இப்போது செடிகளுக்கு நானே ஒரு நோய்.

உன் தோட்டத்துக்கு வருகிறேன். தக்காளிக்கு விடியற்காலையில் தண்ணீர் விடு, மதியத்தில் விடாதே, வேர் வெந்துவிடும். கறுப்புத் தொட்டிகளுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்து வை. உங்கள் பக்கம் வயல் அறுத்த வைக்கோல் சும்மா கிடைக்கும், தூருக்கு ஒரு சாண் கனத்துக்குப் போடு. மிளகாய் தாங்கிக்கொள்ளும், ஆனால் குடைமிளகாய் இலையைக் கிள்ளாதே, இலைதான் அதற்குக் குடை, கிள்ளினால் காயின் முதுகில் வெயில் வெள்ளையாகச் சூடு போட்டுவிடும். இரவும் புழுங்குகிற மாதத்தில் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும், செடியைத் திட்டாதே. பழத்தைச் செடியிலேயே சிவக்க விடாமல் கன்னம் லேசாக நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வை. அப்பனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்க்கிறாயா. இதில் ஒரு வரி கூட என்னுடையது இல்லை. நீ அம்மாவிடம் போனில் பேசும்போது அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பாள், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்று கேட்பேன். முப்பது வருடத்து மண்டோருக்கு நான்கு வருடமாக மண்ணைத் தொட்ட பையன் பாடம் நடத்துகிறான், அவனுக்கே அது தெரியாது.

என்னுடைய யோசனை ஒன்றே ஒன்று உண்டு, அது இத்தனை நாளும் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. நீ பாக்டரி வேலையை விட்டு முதன்முதலில் எண்பது நாற்று நட்டபோது என்னைத்தான் கேட்டாய். நான் இந்த மலையை விட்டால் உலகத்தில் வேறு ஊரே இல்லை என்று நினைக்கிறவன். இலையில் மழைத்துளி பட்டால் தொலைஞ்ச, பிளாஸ்டிக் கூரை போடுடா, நாலு பக்கமும் இறக்கிக் கட்டுடா என்று சொன்னேன். நீ, இங்க மழையே இல்லப்பா, வெயிலுதான் என்றாய். எனக்கே சொல்லித் தர்றியா லா என்று போனை வைத்தேன். நீ கட்டினாய். மூன்றாம் நாள் ரூபினி அனுப்பிய படத்தில் எண்பது செடியும் வெந்த கீரையாகக் கிடந்தன. அப்போதும் நான் சொன்னது, நீ சரியாகக் கட்டியிருக்க மாட்ட. பிறகு நீயே நிழல்வலை கட்டி, கத்தரி வேரில் தக்காளியை ஒட்டி, சின்னப் பழ ஜாதியாகத் தேடி, மூன்று வருடம் தடுமாறி ஒரு கூடை பழம் எடுத்தாய். அந்தக் கூடையைத்தான் போன வருட அறுவடைப் பூசைக்குக் கொண்டுவந்தாய்.

நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும், காணிக்கை கொண்டு வந்தவனே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏலம் முடிகிற வரை நிற்க வேண்டும். ஏலம் விடுகிறவன் நான். ஏலக் கிரகரி வாயைத் திறந்தால் ஃபாதரே அங்கியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார் என்ற பெயருக்கு நான் அடிமை. நீ கூடையைத் தூக்கிப் பிடித்ததும் என் வாய் தானாகத் திறந்தது. இந்த மகராசன் சுப்பிங் வெயில்ல தக்காளிக்கு பிளாஸ்டிக் சட்டை தைச்சுப் போட்டான், மூணாம் நாள் போய்ப் பார்த்தா தோட்டத்துல ரசமே ரெடியா இருந்துச்சு என்றேன். கூட்டம் உருண்டது. கத்தரிக்கா கால்ல தக்காளித் தலைய ஒட்டிருக்கான், சாம்பாரா ரசமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க என்றேன். யாரும் விலை கேட்கவில்லை, உன் அம்மா கையைத் தூக்கினாள், பாவம், பெத்த கடனுக்குத் தூக்குறா என்று அவளையும் விடவில்லை. சொல்லச் சொல்ல நீ கூடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மறைத்தால் சிரிப்பு கூடும் என்றும் தெரிந்தது. நீங்கதானேப்பா கூரை போடச் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். கூடையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கும் நிற்காமல், ரூபினியைக் காரில் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்குப் போகிற மலைப்பாதையில் இறங்கிவிட்டாய். அந்தப் பழத்தில் மூன்றை நான் அடுப்படியில் நின்றபடியே தின்றேன். இந்த மலையில் நான் வளர்த்த எதிலும் அந்த இனிப்பு இல்லை. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள், அது ஊர் ஊராகச் சுற்றி உனக்குத் தோட்டம் போடத் தன் கொல்லையைக் கொடுத்த மாமனார் ஆண்டியப்பன் கைக்கே போய்ச் சேர்ந்ததாக ரூபினி உன் அம்மாவிடம் போனில் அழுதாள். பெத்த அப்பனே முட்டாள்னு சொல்றான், அந்த முட்டாளுக்கு என் கொல்லை எதுக்கு, கிறிஸ்மஸோட எடத்த விட்டுடணும் என்று அவர் சொல்லிவிட்டாராம். அந்த இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், தூங்கினேன், குறட்டையும் விட்டேன், அம்மாவைக் கேட்டுப் பார். காலையில்தான் நான் செய்தது உறைத்தது. சரி, வாயால் கெடுத்ததை வாயாலேயே சரி செய்வோம் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்த வருட அறுவடைப் பூசை ஏலத்தில், முதல் பூசணிக்காயைத் தூக்குவதற்கு முன் எழுந்து சொன்னேன். போன வருசம் என் மகனப் பார்த்துச் சிரிச்சீங்க, அந்தக் கூரைய போடச் சொன்ன முட்டாள் நான்தான், அவன் இல்ல என்றேன். என்ன ஆனது தெரியுமா. முதலில் சிரித்தார்கள், இந்த வருட வேடிக்கை தொடங்கிவிட்டது என்று. இல்லை, நிஜம் என்று இரண்டாம் முறை சொன்னேன். அப்போது தவமலர் புதுப் பல்லெல்லாம் தெரிய அழுதாள். மகன் மானத்தக் காப்பாத்த பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க, இதுதான் பெத்த மனசு என்றாள். ஃபாதர் நல்ல தகப்பன் என்று என்னை ஜெபத்தில் சேர்த்தார். அதோடு விட்டார்களா, சால்வை போர்த்திக் கைதட்டினார்கள். உன்னைக் கேலி செய்தபோது என்னை நம்பிய கூட்டம், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. ஊர் கண்ணில் நீ இப்போது முட்டாள் மட்டுமில்லை, அப்பனின் தியாகத்தில் வாழ்கிற முட்டாள். இதற்கும் படம் எடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அந்தச் சால்வையை வாங்கி அடுப்படி வாசலில் கால் துடைக்கப் போட்டாள். ஒரு வருடமாகச் சாப்பிட வாங்க என்பதற்கு மேல் பேசாதவள் அன்றுதான் வாயைத் திறந்தாள். நீங்க வாயால சொன்னா நாய் கூட நம்பாது, எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க என்றாள். இதோ இப்போதும் என் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருக்கிறாள். மேலே தவமலர் பல் பற்றி எழுதியதை அடிக்கச் சொன்னாள், அடிக்கவில்லை, இது என் கடிதம்தான் என்று ஆண்டியப்பனுக்கு வேறு எப்படித் தெரியும்.

ஆகையால் இதை மாமனாரிடம் கொடு, அவர் எதிரிலேயே ரூபினி சத்தமாகப் படிக்கட்டும். மன்னிப்பு கேட்டு நான் எழுதவில்லை, அது உன் இஷ்டம், எனக்கு அதைக் கேட்கிற முகமும் இல்லை. அந்தக் கொல்லை உன்னிடமே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிறிஸ்மஸுக்கு வந்தால் அம்மாவுக்கு ஒரு கூடை கொண்டு வா, எனக்கு வேண்டாம், வராவிட்டால் தபாலில் விதையாவது அவளுக்கு அனுப்பு. ரூபினிக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், அம்மாவுடையது முழுசாக, என்னுடையது நீ எடுத்துக்கொள்கிற அளவுக்கு. மறக்காதே, நிழல்வலையை மாலையில் ஒதுக்கிவிடு, செடிக்குக் காற்று வேண்டும். இதுவும் நீ சொன்னதுதான்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் கூரை போடச் சொன்னவன்,
உன் அப்பா
கிரகரி

சாட்சி: ஆரோக்கியம்மாள்