கிளிக்குச் சொன்ன பேர்

உள்ளே மருமகள் விளக்குச் சுடரில் வசம்பைச் சுடுகிறாள், பேத்தியின் கைக்குழந்தைக்கு நாக்கில் தடவ. அந்தக் காரமான கருகல் வாசனை வந்ததும் எனக்கு உங்கள் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. வசம்பை உரசிக் கொய்யாத் துண்டில் தடவி, "இதத் தின்னா ஊமையும் பேசும்" என்று கூண்டுக்குள் நீட்டுவீர்களே, அந்த விரல்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அழகர்மலைப் பக்கத்து ஆளிடம் கிளிக்குஞ்சை வாங்கி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். மில் வேலை முடிந்து நீங்கள் வாசலில் கால் வைக்கும்போது அது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் உங்கள் ஆசை. சாயங்காலம் கூண்டின் முன் குந்தி, உங்கள் பேரை நீங்களே திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். அது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, ஓம் பேரு ஒனக்கே மறந்துபோச்சா?" என்பார்.

கடைசியில் என்னிடம் வந்தீர்கள். "பகல் பூரா ஓங்கூடத்தான கெடக்கு. நீ சொல்லிக் குடேன்."

"புருசன் பேர நான் சொல்றதா? நல்லாருக்கு!"

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார் உங்கள் அம்மா. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பொட்டலக் காகிதங்களை வைத்து நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். உங்கள் பேரை அடுப்புக்கரியால் எழுதிப் பார்த்து அழித்திருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் அத்தை கண்ணயர்ந்துவிட்டார். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயில் கூண்டுக்குள் பொட்டுப் பொட்டாய்க் கிடந்தது. கம்பியில் முகத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. கிளி தலையைச் சாய்த்து, கண்மணியைச் சுருக்கிச் சுருக்கிக் கேட்டது. அன்றைக்கு நீங்கள் வீடு வந்து சேரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக வந்தீர்கள். மறுநாளும் சொன்னேன். அந்த மத்தியானங்களில் நானும் அதுவும் அந்தப் பேரும் மட்டும்தான் இருந்தோம். நீங்கள்கூட இல்லை.

பிறகொரு சாயங்காலம் நீங்கள் வாசலில் கால் வைத்தீர்கள். கிளி கூப்பிட்டது. என் குரல். கடைசி எழுத்தை நான் இழுக்கிற இழுப்புக்கூட அப்படியே.

அத்தை முறத்தைக் கீழே போட்டார். "ஏய், இது இவ கொரலாச்சே!"

நீங்கள் கூண்டைப் பார்த்தீர்கள். என்னை நெடுநேரம் பார்த்தீர்கள். "நாந்தான் ஆத்தா சொல்லிக் குடுத்தேன். கிளிக்கு எப்பவும் பொம்பளக் கொரல்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத் தெருவையே கூட்டிவந்து காட்டினீர்கள். அண்ணன் உங்கள் முதுகில் தட்டினார். "எம்புட்டுப் பொறும மாப்ள ஒனக்கு!" நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்கிறான் உங்கள் மகன். இருக்கட்டும். தனியாக இருக்கும்போதாவது, "நீதான் சொல்லிக் குடுத்த" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடைசிவரை சொல்லவில்லை.

தெப்பக்குளத்துப் படியில் ஒருநாள் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டீர்கள்: "கிளி மாதிரி ஒரு தடவ கூப்புடேன்."

"நீங்க சொல்லிக் குடுத்த கிளிதான? போயி அதக் கேளுங்க."

சிரித்தீர்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

கிளியும் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். ஆயுசு குறையும் என்று இனி நான் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் உங்கள் பேர் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொள்கிறேன். முதலில் நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூப்பிடுகிறேன்.