இரண்டை மூன்றாக்கிய வாரம்

மார்ச் 4
மறுபடி கரண்ட் போய் வந்தது. கடைக் கம்ப்யூட்டர் தன் ஹார்ட் டிஸ்க் வட்டு முழுவதையும் சரிபார்த்துவிட்டுத்தான் கண் திறந்தது. ஐம்பது நிமிடம்! ஒன்பதாயிரம் பேரிங்கில் எது எந்த அலமாரியில் என்பது அதற்குள்தான் இருக்கிறது. பம்பு கம்பெனி மேலாளர் கவுண்டரிலேயே நின்றார். "இன்னொரு தடவை இப்படி நிக்க வச்சீங்கன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. என் வியாபாரத்தில் பாதி அவர்.

மார்ச் 5
மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். கடைக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் தெரிந்தவன்.
"உங்க வட்டுல கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை பழைய எக்ஸ்ட்-டூ, அத்தான். எக்ஸ்ட்-த்ரீயா மாத்தினா ஜர்னல் வந்துடும். எதை எழுதப்போறோம்னு முன்னாடியே ஒரு ஓரத்துல குறிச்சு வச்சுக்கும். கரண்ட் வந்ததும் அந்த ஓரத்தை மட்டும் பார்த்தாப் போதும்."
"இருக்கிறது அழியுமா?"
"ஒரு எழுத்துகூட அழியாது."
சொல்லிவிட்டுச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். வட்டானாலும் சரி.

மார்ச் 8, ஞாயிறு
நகல் எடுத்து வைத்தேன். அவன் போனில் சொல்ல, நானே தட்டினேன். ஒரே கட்டளை, ஒரு நிமிடம். ஜர்னல் உருவாகிவிட்டது என்றது திரை. அவன் "அடுத்தது..." என்று இழுத்தான். "போதும்ப்பா, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். உடனே மேலாளருக்குப் போன் போட்டு, இனி நிற்கவே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 12
போச்சு. மானமே போச்சு.
மேலாளர் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் கட். "இப்ப பாருங்க வேடிக்கைய" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நாற்பத்தெட்டு நிமிடம்! எழுந்து எதிர்க்கடைக்குள் போனார். மாத்தினேனே... அப்புறம் ஏன்?

சாயங்காலம் மைத்துனன் வந்து பார்த்தான். வட்டில் ஜர்னல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எந்த வட்டை எந்த வகையாகத் திறப்பது என்று சொல்லும் கோப்பில் இன்னும் எக்ஸ்ட்-டூ என்றே இருக்கிறது. ஜர்னலைத் தொடாமலேயே நான்கு நாள் ஓடியிருக்கிறது.
"இதைத்தான் அத்தான் அடுத்ததுன்னு சொல்ல வந்தேன். யாரு கேட்டா?"
என் வாய்தான். வேறு யாரைச் சொல்ல?
2-ஐ 3 ஆக்கினோம். பிறகு நானே ஒயரைப் பிடுங்கினேன், ஐந்து தடவை. "அது என்ன மாடா, அடிச்சு அடிச்சுப் பழக்க?" என்றாள் மனைவி. ஐந்து தடவையும் ஒரே நிமிடத்தில் எழுந்தது.

மார்ச் 13
மேலாளரின் அலுவலகத்துக்கே போனேன். "தப்பு மெஷின்ல இல்ல சார், என் அவசரத்துல. நீங்களே வந்து ஒயரைப் பிடுங்கிப் பாருங்க." சிரித்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வருவார்.

மார்ச் 16
வந்தார். பிடுங்கினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிடம்.

மார்ச் 27
மேலாளர் போனில் இந்த மாத பேரிங் பட்டியலைச் சொல்லி முடித்துவிட்டு, "எங்க ஆபீஸ் வட்டும் டூ தானாம். உங்க மச்சானை அனுப்புறீங்களா?" என்றார். அனுப்புகிறேன் என்றேன். அவன் 'அடுத்தது' என்று ஆரம்பித்தால் முழுதாகப் பேசவிடுங்கள் என்றும் சொன்னேன்.