றோஸ் நிறம் தவளைக்கு வராது

மே 11, திங்கள்

காலை முழுக்கத் தூறல். மே பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. பஸ் பிந்தியது, நானும் பிந்தினேன்.

நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் டேகெயாரில் புதிய ஆள் ஒன்று. மரத்தவளை. எங்கள் வகுப்பு லிண்டா மிஸ் தன் தகப்பனின் காட்டுப்பக்கக் கொட்டேஜ் வீட்டில் பிடித்து, ஜாம் போத்தலில் கொண்டுவந்திருக்கிறார். பெருவிரல் அளவு. சாம்பல் நிறம், முதுகில் ஊத்தை பிடித்தது போலப் புள்ளிகள். கண்ணாடித் தொட்டியில் பச்சை இலைகளுக்கு நடுவே விட்டோம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் நான் தவளையாக இருந்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

சனிக்கிழமை சிவநேசன் வருகிறார். என் கணவர். கலியாணத்துக்குப் பிறகு நாலு மாதம் ஒன்றாக இருந்தோம். பிறகு நான் இங்கே இந்தக் குளிர் நாட்டில், அவர் அங்கே ஊரில், ஏழு வருடம். அவரைக் கூப்பிட நான் போட்ட ஸ்பொன்சர் சரிவந்த அன்று பில்டிங்கில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

மனதில் ஒன்றுமில்லை. பல்லுப் பிடுங்க விறைப்பூசி போட்டபின் உதட்டைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரோடு எப்படி ஒரு வீட்டில் இருக்கப்போகிறேன்?

வாங்க: அரிசி, தலையணை உறை, ஆண்கள் செருப்பு (அளவு? தெரியாது).

மே 12, செவ்வாய்

வெயில். ஆனால் காற்று.

தவளை பச்சை! அசல் இலைப் பச்சை. நான்கு வயது சோஃபி தேம்பித் தேம்பி அழுதாள். பழைய தவளையை யாரோ களவெடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிட்டார்களாம். தவளையின் காலைத் தூக்கி, தொடையின் உள்பக்க மஞ்சளைக் காட்டி, இதே தவளைதான் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

லிண்டா லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்து வந்தார். இருவரும் சிறு கதிரைகளில் முழங்கால் மடித்து இருந்து படித்தோம். தவளைத் தோலில் மூன்று அடுக்கு. மேலே மஞ்சள், நடுவில் நீல ஒளியைத் தெறிக்க வைப்பது, அடியில் கறுப்பு. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சை. கறுப்பு பரவி மேலே வந்தால் சாம்பல், மண்ணிறம். ஊரில் கம்பஸில் விலங்கியலுக்கு நானும் படித்ததுதான், பெயர்கள்தான் போய்விட்டன. குளிரும் ஈரமும் பட்டால் கறுத்துவிடுமாம். அதை மட்டும் எனக்குப் புத்தகம் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் பக்கத்து அப்பார்ட்மெண்ட் ராணி அன்ரி வந்தா.

"கொடியை பாங்க் லொக்கரிலையிருந்து எடுத்திட்டியே பிள்ளை?"

"இன்னும் இல்லை அன்ரி."

"இன்னும் இல்லையோ! மனிசன் வரேக்கை வெறுங்கழுத்தோட நிக்கப்போறியே? அபசகுனம்!"

இங்கே தாலிக்கொடியை யார் போட்டுத் திரிகிறார்கள்? அன்ரியின் கொடியும் அதே பாங்கில்தான் கிடக்கிறது.

மே 13, புதன்

இன்று பரிசோதனை. சோஃபியின் யோசனை. தொட்டியில் இருந்த இலையெல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீழேயும் பக்கங்களிலும் றோஸ் நிறக் கடுதாசி. தவளை றோஸ் ஆகிவிடும் என்று எல்லாரும் கைகட்டிக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் மதியம் படுத்து எழும்பினார்கள். தவளை வெளிறிப்போய் ஒரு சாம்பல். அவ்வளவுதான்.

"பொய்த் தவளை!" என்று சோஃபி காலை உதைத்தாள்.

அவளை மடியில் வைத்துப் புத்தகத்தில் படங்கள் காட்டினேன். இலையில் வாழ்வது பச்சை. சேற்றில் வாழ்வது மண்ணிறம். மரப்பட்டையில் இருப்பது பட்டையின் நிறம். வேறு நிறத்தில் பிறந்தவற்றைக் கொக்கும் பாம்பும் முதலில் கண்டு தின்றுவிட்டன, கண்ணில் படாதவை குஞ்சு பொரித்தன, அதனால் அந்த இடத்துக்கு அந்த நிறம். சில காட்டுத் தவளைகள் மட்டும் பளீரென்று சிவப்பு. என்னைத் தொடாதே, நஞ்சு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவை. எங்களுடையதால் பச்சைக்கும் சாம்பலுக்கும் இடையில்தான் மாறமுடியும். தோலில் இல்லாத நிறத்துக்கு அது எங்கே போகும்?

பிள்ளை பாதியில் எழும்பி விளையாடப் போய்விட்டது. நான் மிச்சப் படங்களையும் பார்த்து முடித்தேன்.

கோலிங் கார்ட் வாங்கிக் கொழும்புக்கு அவருக்குப் போன் எடுத்தேன்.

"உம்மட குரல் மாறிப்போச்சு," என்றார்.

"லைன் சரியில்லைப்போலை."

லைன் சரியாகத்தான் இருந்தது. மிச்ச நேரம் காலநிலை பற்றிக் கதைத்தோம். ஜாக்கெட் தேவையோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

மே 15, வெள்ளி

மழை. லிண்டா தவளையைத் திருப்பிக் கொட்டேஜுக்குக் கொண்டுபோனார். பிடித்த இடத்திலேயே விடவேண்டுமாம். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பாங்குக்குப் போய்க் கொடியை எடுத்தேன். பாரமாக இருந்தது. கழுத்தில் உரசுகிறது.

ராணி அன்ரி என் கலியாணக் கூறைச்சேலையை எடுத்துக் கட்டிலில் பரப்பிவிட்டுப் போனா. அதன் சட்டை கையில் ஏறவில்லை.

"உந்தக் கட்டை மயிரோடையும் ஆம்பிளையள்மாதிரிக் களிசானோடையும் போய் நிண்டா அந்தாள் உன்னை என்னெண்டு மட்டுக்கட்டும்?"

"படம் வைச்சிருக்கிறார் அன்ரி."

"எந்தப் படம்?"

கலியாணப் படம்தான், ஏழு வருடத்துக்கு முந்தியது.

மே 17, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எயார்போட்டில் எங்கள் சனம்தான் பாதி. மாலை, பூச்செண்டு, சேலைகள். நான் களிசானும் ஜாக்கெட்டும். குளிருக்கு ஸிப்பைக் கழுத்துவரை இழுத்திருந்தேன், கொடி உள்ளே. அன்ரியும் அங்கிளும் கோப்பி வாங்கி வந்து பக்கத்தில் நின்றார்கள்.

கதவு திறந்து திறந்து மூடியது. வந்தார். முன்மண்டையில் மயிரில்லை. மெலிந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நடைதான். என்னைப் பார்த்தார். தூணைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சேலை கட்டி நின்ற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

பேசாமல் நின்றேன். உண்மையாகவே நின்றேன். இப்படியே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, அதை இங்கேயாவது எழுதவேண்டும்.

அன்ரி விலாவில் இடித்தா. "கூப்பிடன் பிள்ளை!"

என்ன என்று கூப்பிடுவது? புருசனின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

நாலைந்து ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அங்கிளும் திரும்பினார். இவர் திரும்பவில்லை. ஏழு வருடமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லையே. வெளிக்கதவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

"சிவநேசன்!"

வாழ்க்கையில் முதல்தரம் அந்தப் பெயர் என் வாயில் வந்தது. அன்ரி தன் வாயைப் பொத்தினா.

உடனே நின்றார். திரும்பினார். பையைக் கீழே வைத்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டு பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நேராக என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பாஸ்போட்டை நீட்டினார்.

"யெஸ், மேடம்."

ஊரில் எத்தனை ஆமிச் சென்றிப் பொயின்ற்றில், எத்தனை அரசாங்கக் கந்தோரில் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடையாள அட்டை கேட்டிருப்பார்கள். எனக்கு நெஞ்சு பிளந்துவிட்டது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் எழுதினேனே.

"நான் வனிதா" என்றேன்.

அது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரை பாஸ்போட்டை நீட்டியபடியே நின்றார். நான் அழுதுகொண்டு அந்தக் கையைப் பிடித்தேன்.