பாவுக்குள் கை

அன்புள்ள அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் மறைக்கமாட்டேன்.

இங்கே இருந்தபோது நீ உன் கையைத் தூக்கிப் பார்த்து, "இது யாருது?" என்று கேட்பாய். பிறகு தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளான பாவுக்குள் விரல்களை நுழைத்து அசையாமல் நிற்பாய். ஒரு கல்யாணப் புடவையின் பாவு அறுந்த பிறகுதான் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கான அந்த ஹாஸ்டலுக்கு உன்னை அனுப்பினார்கள்.

ஆட்டிசம் உள்ள சிலருக்குத் தங்கள் உடம்பே வேறு யாருடையதோ போலத் தோன்றலாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். ஆட்டிசத்துக்கும் இந்த உணர்வுக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் ஆராய்கிறார்களாம். உனக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

இன்று சாயங்காலம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு, ஊடு நூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ளினேன்.

"தள்ளுமா, தூங்கிக்கினு இருக்கியா?" என்றார்.

தள்ளிய கை என்னுடையதாக இல்லை. யாரோ தள்ளுவதைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. தெருவில் சாமி புறப்பாடு வந்தது. கும்பிட அப்பா வாசலுக்குப் போனதும் பாவுக்குள் கையை விட்டேன். இழைகள் எல்லாப் பக்கமும் அழுத்தின. கை எங்கே முடிகிறது என்று தெரிந்தது. அது மறுபடியும் என் கையானது. நீ தேடியது இதைத்தானே அண்ணா?

திரும்பினால் அப்பா நிற்கிறார். உன்னிடம் கத்தியதுபோல் அவர் கத்தவில்லை.

இப்போது கூடத்தில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்கிறார்கள்.

"இவளும் கைய வுட்டுக்கினு நிக்கறா."

"ஏங்க, பொம்பளப் பசங்களயும் அந்த ஹாஸ்டல்ல சேத்துக்குவாங்களா?"

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். அம்மா உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் தங்கை