வைக்கோலில் தெறித்த கஞ்சி

மாசி, செவ்வாய்க்கிழமை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஆய்வகத்துக்கு வேண்டிய வைக்கோலைத் தெருவில் காயப்போட்டேன். எதிர்வீட்டு வள்ளி, பட்டுத் தறிக்கான பாவு நூலை நீள விரித்துக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளிப் போடுக்கா. போன வாரமே உன் வைக்கோல் மேல கஞ்சி தெறிச்சுது."

"அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா?"

"மாடுன்னா சந்தோஷமா துன்னும். உன் ஆராய்ச்சிக்கு ஆவாதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

சிரித்துவிட்டேன். ஆய்வகத்துக்குப் போகும் ஏனாத்தூர் பஸ்ஸில்தான் அது உறைத்தது. வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்க, முதலில் நொதி அதைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். போன வாரம் கிடைத்ததுதான் இதுவரை கிடைத்ததிலேயே அதிகச் சர்க்கரை. பேராசிரியர் அதைக் கட்டுரையில் சேர்த்துவிட்டார். நாளை மாலை அனுப்புகிறார்.

போன வார வைக்கோலில் மிச்சமிருந்ததில் அயோடின் விட்டேன். நீலமானது; மாவுச்சத்து இருக்கிறது. அப்படியென்றால் நொதி அரிசிக் கஞ்சியையும் சேர்த்து உடைத்திருக்கிறது.

பழைய குறிப்புகளைப் புரட்டினேன். வள்ளி வீட்டில் பாவு விரிக்காத வாரங்களிலும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான் வந்திருக்கிறது. அது உண்மையான ஏற்றம். இரவு நிம்மதியாகவே சாப்பிட்டேன்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சாரின் முகம் வாடிப்போகும். இருந்தாலும் காலையில் போனதும் போன வார அளவைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். தெருவில் காயப்போட்டது நான்தான் என்பதையும் சொல்லிவிடுவேன்.